வீட்டில் ஆளுக்கொரு வேலை சொல்கிறார்கள். நான் எதை எடுப்பது?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போகிறார். அக்கா பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, இப்போது ஒரு தனியார் பள்ளியில் மாதம் 9,500 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். அவருடைய பி.எட். படிப்புக்காக அடகு வைத்த நகை இன்னும் மீட்கப்படவில்லை. தம்பி பதினொன்றாம் வகுப்பு.

அப்பா, "நீயும் பி.எட். படி, பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் மரியாதை" என்கிறார். தாய்மாமா, "குரூப் 4 கோச்சிங்கில் சேர், செலவை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். துறைப் பேராசிரியை ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரச் சொல்கிறார். இதற்கிடையே வளாக நேர்காணலில் ஒரு ஐ.டி. நிறுவனம் இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆண்டுக்கு 2.4 லட்சம் சம்பளம், 18 மாத பாண்ட், நடுவில் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். வகுப்புத் தோழிகள் ஏழு பேர் அங்கே போகிறார்கள். "நீயும் வா, சேர்ந்து ரூம் எடுக்கலாம்" என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. கண்டுபிடிக்க ஏதாவது டெஸ்ட் இருக்கிறதா? இன்ஜினீயரிங் கிடைக்காமல்தான் பி.எஸ்சி. வந்தேன், என் மூளை சுமார்தான். எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று போனால் இன்னும் ஏழெட்டு வருடம் அப்பாவிடம் காசு கேட்க வேண்டுமே" என்று முடிக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, எந்தெந்த வரி யாருடைய குரல் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் பக்கம் முழுக்க அப்பா. இரண்டாம் பக்கத்தில் மாமாவும் தோழிகளும். மூன்றில் பேராசிரியை. நான்காம் பக்கத்தின் நடுவில், ஏதோ பேச்சுவாக்கில் சொல்வது போல இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பிராக்டிகலில் மட்டும் நேரம் போவது தெரியாது மேடம். டைட்ரேஷனில் மூன்று தடவையும் ஒரே ரீடிங் வந்தால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்." நான்கு பக்கத்திலும் வேறு யாருடைய குரலும் கலக்காத வரி இது ஒன்றுதான். (டைட்ரேஷன் என்பது, ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை.) இந்த வரிக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

முதலில் டெஸ்ட். இருக்கிறது. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த ஆறு வகை ஆர்வப் பட்டியலை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நானும் கொடுப்பதுண்டு. உங்களுக்கு இப்போது கொடுக்கமாட்டேன். "ஆய்வகத்தில் வேலை செய்யப் பிடிக்குமா?" என்று அதில் ஒரு கேள்வி வரும். கல்லூரி லேப் தவிர வேறு ஆய்வகத்தை வெளியில் இருந்துகூடப் பார்க்காதவர் அதற்கு என்ன பதில் எழுத முடியும்? ஆர்வம் இல்லை என்று நீங்கள் நினைப்பது, நீங்கள் இன்னும் நிறைய பார்க்கவில்லை என்பதுதான்.

உங்களுக்கு ஆலோசனை சொல்கிற எல்லோருக்கும் இதே நிலைமைதான். அப்பாவுக்குத் தெரிந்து, படித்த பெண் பார்க்கும் கௌரவமான வேலை டீச்சர். அக்கா காலையில் சேலை கட்டிக்கொண்டு போய் சாயங்காலம் வீடு திரும்புகிறார், தெருவில் நாலு பேர் "டீச்சரம்மா" என்கிறார்கள். அப்பா அதைப் பார்க்கிறார்; 9,500 ரூபாயையும் மீட்காத நகையையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மாமாவுக்குத் தெரிந்து முன்னுக்கு வந்த ஒருவர் எங்கேயோ வி.ஏ.ஓ.வாக இருப்பார். தோழிகள் பார்த்தது போன வருட சீனியர் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பேராசிரியையும் விதிவிலக்கில்லை: அவர் பார்த்த நல்ல வாழ்க்கை ஆராய்ச்சியும் கல்லூரியும். உங்கள் வீட்டு அடகு ரசீதை அவர் பார்த்திருக்கமாட்டார். யாரும் உங்களைக் கெடுக்க நினைக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாகத் தெரிவதைச் சொல்கிறார்கள்.

'என் மூளை சுமார்தான்'

இதை எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று தேடினேன். பன்னிரண்டாம் வகுப்பு கணக்கில் 58. அவ்வளவுதான். நான்கு செமஸ்டரில் 8.6 சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள், ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.

ஒருவர் எப்படித் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதற்கு லென்ட், பிரவுன், ஹேக்கெட் என்ற மூவர் 1994இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கட்டியது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் கருத்தின் மேல். எளிதாகச் சொன்னால், 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும், 'செய்தால் இன்னது கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துதான் ஆர்வத்தையே உண்டாக்குகின்றன. ஆர்வம் முதலில் எங்கிருந்தோ வந்து குதிப்பதில்லை. அந்த நம்பிக்கை நான்கு வழியில் வரும் என்றார் பண்டூரா: தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த வேலையைச் செய்யும்போது உடம்பிலும் மனதிலும் வரும் உணர்வு, பதற்றமோ நிம்மதியோ.

இப்போது உங்கள் டைட்ரேஷன் வரியைத் திரும்பப் படியுங்கள். செய்து முடித்த அனுபவம் இருக்கிறது. உணர்வும் இருக்கிறது, 'நேரம் போவது தெரியாது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊக்கம் சொல்லப் பேராசிரியை இருக்கிறார். குறைவது இரண்டாவது மட்டும். உங்களைப் போன்ற ஒரு பெண் வேதியியலை வைத்துப் பிழைப்பதை நீங்கள் பார்த்ததே இல்லை.

உங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு முடித்த ந. கலைச்செல்வி, காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆரம்பநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, லித்தியம் அயனி பேட்டரிகளில் ஆய்வு செய்து, அதே நிறுவனத்துக்கு இயக்குநரானார். 2022 ஆகஸ்டில், அந்த நிறுவனம் போன்ற பல ஆய்வகங்களை நடத்தும் ஒன்றிய அரசு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். முழுவதற்கும் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இவ்வளவு உயரத்தில் இருப்பவரைப் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றும், 'நானும் செய்யலாம்' என்று சட்டெனத் தோன்றாது. அதற்கு உங்களைவிட மூன்று, நான்கு வருடம் மூத்த சீனியர் அக்கா வேண்டும். உங்கள் துறையின் பழைய வருகைப் பதிவேட்டில் அவர் இருப்பார். பேராசிரியையிடம் ஆறு பெயர் கேளுங்கள்: எம்.எஸ்சி. போனவர் இருவர், கம்பெனி லேபில் இருப்பவர் இருவர், ஐ.டி. போனவர் இருவர். போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது? கையில் எவ்வளவு வருகிறது? மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே எடுப்பீர்களா?

இன்னொன்று. செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகங்களை மாணவர்கள் பார்க்கத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. காரைக்குடி உங்களுக்குச் சில மணி நேரப் பஸ் தூரம்தான். துறைத் தலைவர் ஒரு கடிதம் கொடுத்தால் வகுப்பே போய் வரலாம்.

வேதியியல் வேலை பார்ப்பவர்களையே பார்த்ததில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பும் வந்தது. உங்கள் அம்மா தினமும் பார்ப்பது என்ன? குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும். பக்கத்தில் சிவகாசி. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக் கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது சி.எஸ்.ஐ.ஆரின் நாக்பூர் நிறுவனமான நீரி. உங்கள் பாடம் உங்கள் ஊர்த் தொழிலுக்கு உள்ளேயே இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் யாரும் இல்லை.

பி.எட். படித்தால் அரசு வேலை நிச்சயமா?

உங்கள் அப்பா நினைப்பது ஒரு காலத்தில் பெரும்பாலும் உண்மை. பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வரிசைப்படி வேலை வாங்கியவர்களை அவர் பார்த்திருப்பார். இன்று பி.எட். இரண்டு வருடம். அதன்பின் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் 2018இல் வந்த அரசாணை 149க்குப் பிறகு, தகுதித் தேர்வில் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். தேர்வுகள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்றும் பாருங்கள். 2019க்குப் பிறகு தகுதித் தேர்வு 2022, 2023இல்தான் நடந்தது; அதற்கடுத்தது 2025 நவம்பரில். உங்கள் அக்கா திறமை இல்லாமல் 9,500 ரூபாயில் இல்லை. இந்த இடைவெளிகளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கற்பிப்பது பிடிக்கும் என்றால் நான் பி.எட்.டை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் வகுப்பில் நின்று பாடம் எடுக்க ஆசை என்று ஒரு வரிகூட இல்லை. எம்.எஸ்சி. முடித்த பிறகும் பி.எட். படிக்கலாம், அப்போது மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வையும் எழுத முடியும். வெறும் பி.எஸ்சி., பி.எட்.டுக்கு அந்தக் கதவு இல்லை. ஆகவே இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

மாமா சொல்வதில் பாதி சரி

குரூப் 4ஐ மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு குடும்பத்தை ஒரே தலைமுறையில் மேலே தூக்கிவிடும் வேலை அது. மாமாவுக்கே ஒருவேளை தெரியாத ஒரு சாதகமும் உங்களுக்கு உண்டு: தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு. 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதிவரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதால், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்றால் உங்களுக்குக் கிடைக்கும். பட்டம் கேட்கும் குரூப் 2க்கு, உங்கள் பி.எஸ்சி. ஆங்கிலவழி என்றால் கிடைக்காது. பள்ளித் தலைமையாசிரியரிடம் தமிழ்வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

மீதிப் பாதி, கூட்டம். 2022 குரூப் 4 அறிவிப்பில் 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். எழுதவே கூடாது என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூன்று வருடம் கோச்சிங் சென்டரில் உட்காருவதற்கு மட்டும் இது நல்ல கணக்கில்லை. அறிவிப்பு வரும்போது எழுதுங்கள். இருநூறு கேள்வியில் நூறு தமிழ், உங்களுக்கு அது பயமில்லை. மாமா தர நினைக்கும் பணத்தை வேறு எதற்குக் கேட்கலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஐ.டி. கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஆண்டுக்கு 2.4 லட்சம் என்றவுடன் மாதம் 20,000 என்று வகுத்துவிட்டீர்கள். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்., காப்பீடு, கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும். உங்கள் பங்கு பி.எஃப்.பும் போனால், என் கணக்கில் 16,000 அல்லது 17,000 கைக்கு வரும். சென்னையில் சாப்பாட்டோடு ஹாஸ்டலுக்கு ஏழெட்டாயிரம், பஸ், போன், உடுப்பு என்று இன்னொரு மூவாயிரம். வீட்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் அனுப்பலாம். "மாசம் பத்தாயிரம் அனுப்புவேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதை இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

பாண்ட் விஷயத்தில் உங்கள் தோழி, "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று சொன்னாராம். அப்படி நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம், மூன்று வருடம் முடியும் முன் விலகிய ஊழியரிடம் ஒரு பொதுத்துறை வங்கி 2 லட்சம் ரூபாய் வசூலித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்காக எழுதிய தொகை முழுவதையும் எல்லோரும் கட்டியே தீர வேண்டும் என்றும் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது, பதவி என்ன, எவ்வளவு காலம் வேலை பார்த்தார் என்றெல்லாம் கேள்வி வரும். நான் வக்கீல் இல்லை. தாளை ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டுமென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இன்னும் முக்கியமானது: இப்போது நீங்கள் ஒப்புக்கொள்ளப்போவது ஆஃபர் லெட்டர். பாண்ட் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் வேலையில் சேரும் நாளில்தான் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் கடிதத்தில் எப்படி என்று வரி வரியாகப் படியுங்கள். சேரும் முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லையென்றால், மாதக் கடைசியில் 'சம்மதம்' என்று பதில் போட்டுவிட்டு, அடுத்த ஜூன்வரை யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. இது ஏமாற்று வேலையா என்று உறுத்தும். விலகுவதாக முடிவானால் அன்றைக்கே நிறுவனத்துக்கும் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலருக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள், அது போதும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏழு தோழிகளோடு ஒரே ரூம் என்பது சின்ன விஷயமில்லை. முதல் தடவை ஊரைவிட்டுப் போகும் பெண்ணுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒரு வருடத்தில் அந்த ஏழு பேரும் ஏழு புராஜெக்ட், ஏழு ஷிப்ட் என்று பிரிந்துவிடுவார்கள். வேலையைத் தேர்ந்தெடுத்த பிறகு ரூமுக்கு ஆள் தேடுங்கள்.

ஆராய்ச்சிக்கு அப்பாவிடம் காசு கேட்க வேண்டுமா?

எம்.எஸ்சி. இரண்டு வருடத்துக்கு, ஆமாம், பணம் வேண்டும். பிஎச்.டி.க்கு உங்களுக்குத்தான் பணம் தருவார்கள். சி.எஸ்.ஐ.ஆர். - நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் ஐ.டி. சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. வீட்டில் யாரும் இதை உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த இரண்டு வருடத்துக்கான வழிகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டைச் சேர்ந்த பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சேர்ந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும்பட்சத்தில், மாநில அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை உதவித்தொகை தருகிறது. எஸ்.சி., எஸ்.டி. என்றால் ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணமே இல்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கல்விக் கடன் உண்டு. இன்னொரு நகை அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மாமாவிடம் கேட்க வேண்டியது இங்கேதான்: கோச்சிங் பணத்தைப் போக்குவரத்துக்கும் முதல் செமஸ்டர் செலவுக்கும் தரச் சொல்லுங்கள்.

ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு விடை வெறும் எண். பெண்களுக்குக் கட்டணம் பாதி. வேதியியல் தாளில் அடிப்படைக் கணிதமும் வரும், அந்த 58 மார்க்கின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசியைத் தட்ட வேண்டும். சில நிறுவனங்கள் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். உங்களிடம் அது இருக்கிறது. வயது வரம்பு கிடையாது. அதாவது ஐ.டி.யில் பதினெட்டு மாதம் இருந்துவிட்டும் எழுதலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்து எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கூடவே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அதில் வரும்.

பேராசிரியை சொல்லாமல் விட்ட பகுதியையும் சொல்லிவிட வேண்டும். பிஎச்.டி. முடிக்கப் பெரும்பாலும் ஐந்து வருடம் ஆகும். முடித்தவர்கள் பலர் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகவே வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வழிகாட்டி எப்படி அமைகிறார் என்பதைப் பொறுத்தும் அந்த ஐந்து வருடம் இருக்கும். அதோடு, டைட்ரேஷன் பிடிக்கும் என்பதால் ஆராய்ச்சி பிடிக்கும் என்று முடிவுகட்ட முடியாது. ஆராய்ச்சியில் பெரும்பாலான நாட்கள் ரீடிங் ஒத்துவராத நாட்கள்தான். உங்களுக்குப் பிடித்தது துல்லியமான கைவேலை என்றால், மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாட்டு (கியூ.சி.) லேபில் அது தினமும் கிடைக்கும். தூத்துக்குடி, கடலூர் சிப்காட், ராணிப்பேட்டை, மணலி என்று ரசாயனத் தொழில் உள்ள இடமெல்லாம் கியூ.சி. லேப் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிப்ட் உண்டு. எச்.பி.எல்.சி. போன்ற, கலவையைப் பிரித்து அளக்கும் கருவிகளை நன்றாகக் கையாளத் தெரிந்தவருக்குச் சில வருடங்களில் மதிப்பு கூடுகிறது. ஒன்றிய அரசின் தேசியத் தொழில்பழகுநர் திட்டத்தில் இப்போது பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். ஒரு வருடம் உதவித்தொகையோடு உள்ளே இருந்து பார்த்துவிட்டு வரலாம்.

ஆகவே என் யோசனை இது. ஆஃபர் லெட்டரைப் படித்துவிட்டு, கண்ணி எதுவும் இல்லையென்றால் சம்மதம் சொல்லுங்கள். ஜாமுக்கும் சி.யு.இ.டி.க்கும் விண்ணப்பம் திறந்ததுமே போட்டுவிடுங்கள். ஆறு சீனியர்களிடம் பேசுங்கள். ஏப்ரல், மே வாக்கில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நல்ல இடத்தில் எம்.எஸ்சி. கிடைத்தால் நான் உங்களை அங்கேதான் போகச் சொல்வேன். கிடைக்காவிட்டால் கியூ.சி. லேபா, ஐ.டி.யா என்பதை அந்த ஆறு பேர் சொன்னதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது

'என் ஆசை, என் கனவு' என்று ஆரம்பிக்காதீர்கள். தினமும் டீசலும் வாடகையும் கணக்குப் போடுகிற மனிதர் அவர். ஒரு தாளை எடுத்து நாலு கட்டம் போடுங்கள்: பி.எட்., குரூப் 4, ஐ.டி., எம்.எஸ்சி. ஒவ்வொன்றிலும் எத்தனை வருடம், எவ்வளவு செலவு, எப்போது முதல் சம்பளம். அக்காவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பி.எட். கட்டத்தை அவரே எழுதட்டும், நீங்கள் எழுதினால் அது வாக்குவாதமாகிவிடும். எம்.எஸ்சி. கட்டத்துக்குப் பேராசிரியையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் விடுதி, பாதுகாப்பு பற்றி அப்பா கேட்கும் கேள்விகளை அலட்சியப்படுத்தாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

"டிகிரி முடிஞ்சதும் மாப்பிள்ளை பார்க்கணும்" என்று அவர் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். இருபது வயது ஆகிவிட்டது. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் படிப்பையோ திருமணத்தையோ யாரும் முடிவு செய்ய முடியாது. உங்கள் அப்பா கட்டாயப்படுத்துகிறவராகத் தெரியவில்லை, அக்காவைப் படிக்க வைத்தவர். ஆனாலும் எப்போதாவது அந்த நிலை வந்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. பெரும்பாலும், "ரெண்டு வருஷம் டைம் குடுங்கப்பா" என்று தேதி போட்டுக் கேட்டால் இப்படிப்பட்ட அப்பாக்கள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். கெடு இல்லாமல் 'படிக்கணும்' என்று மட்டும் சொன்னால்தான் பயப்படுகிறார்கள்.

இன்ஜினீயரிங் கிடைக்காமல் பி.எஸ்சி. வந்தேன் என்று எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை. நானும் அப்படி வந்தவள்தான், எனக்குக் கிடைத்தது இயற்பியல். மூன்றாம் செமஸ்டருக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அக்காவுக்கும் ஒரு வரி. அவர் எம்.எஸ்சி. கணிதம் முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அவருடைய தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும், காலாவதியாகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள். 9,500 ரூபாய் சம்பளத்தில் என்ன பாடம், எத்தனை வகுப்பு, விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று விவரமாக எனக்குத் தனியே எழுதச் சொல்லுங்கள்.